றிம்மைத் திருப்பிப் பார்த்த பட்டறை: கிளிநொச்சியில் பழைய அலோய் சில்லுகளைப் புதுப்பித்த அனுபவம்

என்னுடைய வாகனம் 2004ஆம் ஆண்டில் ஜப்பானில் செய்யப்பட்ட டொயோட்டா அலியன். அதன் பின்பக்க இடது சில்லு நான்கு நாளைக்கு ஒருமுறை காற்றிறங்கத் தொடங்கியபோது, எல்லோரையும் போல நானும் ஆணியைத்தான் தேடினேன். விசுவமடுவில் ரயர் ஒட்டும் தம்பி சில்லை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தார். ரயரின் முகத்திலோ பக்கத்திலோ ஒரு குமிழும் எழவில்லை. றிம்மும் ரயரும் சந்திக்கின்ற விளிம்பைச் சுற்றி மட்டும், உலை கொதிக்கத் தொடங்கும்போது எழுவது போலச் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக வந்தன. "ரயரில பிழை இல்லை ஐயா, றிம்தான் உள்ளுக்குள்ள பூத்துப் போச்சு" என்றார் அவர்.

புதுக்குடியிருப்பில் இருந்துகொண்டு கிழமைக்கு மூன்று நாள் முல்லைத்தீவுக்கு ஓடுபவனுக்கு இது நேராமல் இருந்தால்தான் வியப்பு. வட்டுவாகல் பாலத்தில் நந்திக்கடல் தண்ணீர் சில்லை நனைக்கிறது; கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து படியவிடுகிறது; உள்வீதிகளின் கிரவல் கல் பெயின்றைக் கொத்திக் கொத்தி அந்த உப்புக்கு வழி திறந்துவிடுகிறது. அலோய் றிம் என்பது அலுமினியக் கலவை. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஒக்சைட்டுப் படலம் உண்டு, அதுதான் அதற்குக் காவல். உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவான இடங்களில் உடைக்க, உடைந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கிறது. அந்தப் பொடி தான் பிறந்த உலோகத்தைவிடக் கூடுதலான இடத்தைப் பிடிப்பதால், மேலேயுள்ள பெயின்றையும் விளிம்பில் இருக்கின்ற ரயரையும் நெம்பித் தூக்குகிறது. காற்று அந்த இடைவெளியால் கசிகிறது. விளிம்பைக் கம்பித் தூரிகையால் சுரண்டிக் கறுப்புப் பசை பூசி மறுபடி ரயரை ஏற்றுவதே இதற்கு ரயர்க் கடைகளில் செய்யப்படும் வழமையான வைத்தியம். எனக்கு அந்த வைத்தியம் இரண்டு தடவை பலித்தது. மூன்றாவது தடவை பலிக்கவில்லை.

புது றிம் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை தனியாருக்குத் திறக்கப்படாமலே இருந்ததால், என்னைப் போன்றவர்கள் இருபது வருடப் பழைய வாகனங்களைக் கண்ணுக்குள் வைத்துப் பாதுகாக்கப் பழகிவிட்டோம்; திறந்த பிறகும் விலை எட்டவில்லை என்பதால் அந்தப் பழக்கம் போகவில்லை. கடைகளில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் புதிய றிம்களில் பலவற்றின் பின்பக்கத்தில் ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரையைத் தேடினால் கிடைக்காது. அது ஜப்பானின் அலோய் றிம் தரக்குறி, வி.ஐ.ஏ. என்ற இன்னொரு குறியும் கூடவே இருந்தால், அந்த வடிவ றிம் சுயாதீனமாகவும் சோதிக்கப்பட்டது என்று பொருள். என்னுடைய நான்கு றிம்களும் வாகனத்தோடு வந்த மூல றிம்கள், இரண்டு முத்திரைகளும் உள்ளவை. மேலே அழுக்கும் உள்ளே நல்ல சரக்கும் இருக்கின்ற ஒன்றை எறிந்துவிட்டு, மேலே பளபளப்பும் உள்ளே என்னவென்று தெரியாததுமான ஒன்றை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு மூன்று வருடங்களுக்கு முன் நான் ஒருமுறை ஏமாந்தும் இருக்கிறேன். வேறொரு நகரத்தில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு கராச்சில், ஒரே நாளில் நான்கு றிம்களையும் "புத்தம் புதிதாக்கி"த் தந்தார்கள். ரயர்களைக் கழற்றவே இல்லை. பத்திரிகைக் கடதாசியைச் செருகி மறைத்துவிட்டு, வீதியோரக் கல்லில் உரசுண்ட காயங்களில் பட்டிப் பசையை அப்பி, அரத்தாளால் ஒரு தடவு தடவி, மேலே வெள்ளிப் பெயின்ற் விசிறினார்கள். மாலையில் வாகனத்தை எடுத்துக்கொண்டு வரும்போது முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்திக் கச்சான் வாங்கிய நேரத்தில் இரண்டு பேர் வந்து புது றிம்மா என்று விசாரித்தார்கள். அடுத்த மாரி முடிவதற்குள், பெயின்றின் கீழே மண்புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடத் தொடங்கிவிட்டன. இழை அரிப்பு என்பது அதுதான். பெயின்றில் விழுந்த ஒரு காயத்திலோ, சில்லைச் சமன்செய்ய மாட்டும் பழைய பாணி ஈய நிறைகளைப் பிடித்திருக்கும் உருக்குக் கவ்வியின் அடியிலோ தொடங்கி, ஈரமும் உப்பும் கிடைக்கும்வரை பெயின்றுக்கும் உலோகத்துக்கும் நடுவே அது ஊர்ந்துகொண்டே போகும். அதன் மேலே எத்தனை தடவை பெயின்ற் அடித்தாலும் அது கீழே தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அடியோடு உரித்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதை நான் அந்தச் செலவில்தான் படித்தேன்.

ஆகவே இம்முறை பெயின்ற் அடிப்பவரைத் தேடாமல், உரிப்பவரைத் தேடினேன்.

பட்டறை கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து கிழக்குப் பக்கமாக இறங்கும் ஓர் உள்வீதியில், ஒரு தென்னங்காணியின் பின்பாதியில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கைகொள்ளாத வேலை ஏற்கெனவே இருப்பதால் பெயரையும் இலக்கத்தையும் எழுத வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார். கரடிப்போக்குச் சந்திப் பக்கத்து ரயர்க் கடைகளில் விசாரித்தால் வழி சொல்லுவார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க உரிமையாளரும் இரண்டு பெடியன்களுமாக மூன்று பேர் வேலை செய்கிறார்கள். நான் போனபோது வாசலில் ஒரு லொறியின் உருக்கு றிம்கள் ஆறும், மோட்டார் சைக்கிள் சில்லுகள் சிலவும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. புதுப்பித்து முடித்த றிம்களைக் கண்ணில் படும்படி மாட்டி வைக்கும் பழக்கம் அங்கே இல்லை.

அவர் முதலில் செய்த காரியம் என்னைக் கவர்ந்தது. டிக்கியிலிருந்து இறக்கிய றிம்மின் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல், அதை அப்படியே நிலத்தில் கவிழ்த்து, உள்பக்கத்தைத் தண்ணீரால் கழுவி, கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு சுற்று விரலால் தடவிப் பார்த்தார். முன்னைய கராச்சில் எவரும் அந்தப் பக்கத்தைத் திருப்பியதே இல்லை. பின்பக்கத்தில் வார்க்கப்பட்டிருந்த எழுத்துக்களை வாசித்து, 15 அங்குலம், 6 அங்குல அகலம், ஓவ்செற் (றிம்மின் பொருத்தும் முகம் நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் தூரம்) 45 மில்லிமீற்றர் என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டார். வாகனம் எத்தனை வேகத்தில் நடுங்குகிறது என்று கேட்டார். நிறம் என்ன வேண்டும் என்பதைக் கடைசியாகத்தான் கேட்டார்.

உரித்தல் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் பெயின்ற் றிமூவரைத் தூரிகையால் தடித்த பூச்சாகப் பூசி, பொலித்தீனால் மூடி வைக்கிறார்கள். அரை மணித்தியாலத்தில் பெயின்ற் சுருங்கி, கொதித்த பாலின் ஆடை போல எழும்பி வருகிறது. என் றிம்களில் மூல வெள்ளிப் பூச்சு, யாரோ முன்னைய சொந்தக்காரர் அடித்த கறுப்பு, நான் ஏமாந்து அடித்த வெள்ளி என்று மூன்று படைகள் உரிந்தன. பட்டி அப்பிய இடங்கள் தோல் கழன்ற காயங்களாகத் தெரிந்தன. அதன் பிறகு மீதியைச் சாண்ட் பிளாஸ்ரிங் செய்கிறார்கள். பெயர்தான் அப்படி; மணல் பாவிப்பதில்லை. அலுமினியம் ஒக்சைட்டுத் துகளைத்தான் காற்றழுத்தத்தில் வீசுகிறார்கள். வாசலில் கிடக்கும் மணலை அள்ளி வீசினால் அதிலுள்ள சிலிக்காத் தூசு வீசுகிறவரின் நுரையீரலைத் தின்னும். உருக்குத் துகளை வீசினால் அதன் நொறுங்கல்கள் மென்மையான அலுமினியத்தில் குத்தி நின்று, பூச்சின் கீழே துருப்பிடித்து, எதற்காக உரித்தோமோ அதே அரிப்பைத் தொடக்கிவைக்கும். லொறியின் உருக்கு றிம்மும் அலோய் றிம்மும் ஒரே இடத்திற்கு வருகின்ற பட்டறையில், இரண்டுக்கும் தனித்தனித் துகளையும் தனித்தனிப் பெட்டியையும் வைத்திருப்பது சிறிய விடயமல்ல.

கோஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டால் ஒரே இரவில் உரிந்துவிடாதா என்று நான் அறியாமையால் கேட்டுவிட்டேன். உருக்குக் கதவுகளையும் கேற்றுகளையும் அப்படி உரிக்கக் கண்டிருக்கிறேன். மேலும், ஆனையிறவு உப்பை எடுத்து கோஸ்டிக் சோடாவும் குளோரீனும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பொருள் வீட்டுச் சாமான் போலத்தான். அவர் பதில் சொல்லாமல், றிம்மிலிருந்து அரத்தால் சீவிய கொஞ்சத் தூளை ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, சோடாக் கரைசலை ஊற்றிக் காட்டினார். சீறிக் கொதித்துப் போத்தல் சூடாகியது. எழுந்த வாயு ஐதரசன். அலுமினியம் கரைந்துபோக, கலவையில் இருந்த சிலிக்கன் கரையாமல் கறுப்புச் சேறாக அடியில் தங்கியது. அலோய் றிம்மின் வார்ப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பங்கு சிலிக்கன் இருப்பது வழமை. சோடாவில் ஊறிய அலோய் றிம் கறுத்துக் குழி விழுந்து வெளியே வரும் என்பதை அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இதைவிட மோசமான இன்னொரு முறையும் நடைமுறையில் இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார்: காஸ் சுவாலையைப் பிடித்துப் பெயின்றை எரித்து எடுப்பது. விரைவு, செலவில்லை. ஆனால் அலோய் றிம்மின் பலம் அதன் உலோகத்தில் மட்டும் இல்லை, அதற்குக் கொடுத்த சூட்டிலும் இருக்கிறது. வார்த்த றிம்மை ஏறத்தாழ 540 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, திடீரென்று தண்ணீரில் குளிரவைத்து, பின்பு 150 பாகைக்கும் சற்று மேலான மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைத்துத்தான் அந்த உறுதியைப் பெறுகிறார்கள். சுவாலை ஒரு ஆரக்காலை முந்நூறு, நானூறு பாகைக்கு ஏற்றிவிட்டால், அந்த இடத்தில் உறுதி இறங்கிவிடும். வெளியே பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. பூச்சு முடிந்து பளபளக்கும் றிம்மில் அதைக் கண்டுபிடிக்கச் சாதாரண வாடிக்கையாளனுக்கு வழியே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், எந்தப் பட்டறைக்குக் கொடுத்தாலும் எப்படி உரிக்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே றிம்மை இறக்குங்கள்.

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. வந்து ஒன்றைப் பாருங்கள் என்றார். சாம்பல் நிறத்தில் வெறும் உலோகமாக நின்ற முன்பக்க வலது றிம்மின் உள்பக்கப் பீப்பாயில் (ரயர் சூழ்ந்திருக்கும் உருளைப் பகுதியில்), விளிம்பிலிருந்து உள்நோக்கி, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு இருந்தது. சிவப்புச் சாயத்தைப் பூசி, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியை விசிறினால், வெடிப்புக்குள் போன சாயம் மட்டும் மறுபடி கசிந்து வெளியே வந்து கோடாகக் காட்டும். வெறும் கண்ணுக்கு அது ஒரு கீறல் என்றுகூடத் தோன்றியிராது. ஒட்டுசுட்டான் வீதியில் ஒரு பள்ளத்தில் விழுந்த நாள் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

நான் அலுமினியம் ஒட்டு (வெல்டிங்) வைத்துத் தரும்படி கேட்டேன். கிளிநொச்சியிலேயே அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று வற்புறுத்தவும் செய்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஐயா, ஒட்டலாம். ஒட்டினது தெரியாமப் பெயின்றும் அடிச்சுத் தரலாம். அதுக்குப் பிறகு நீங்கள் பிள்ளையளோட ஏ9இல எழுபதில போறதை நான் நினைச்சுக்கொண்டிருக்க ஏலாது." ஒட்டு வைக்கின்ற சூடு, ஒட்டைச் சுற்றியுள்ள உலோகத்தின் உறுதியைச் சுவாலையைப் போலவே குறைத்துவிடுகிறது என்பதும், வெடிப்பு அடுத்ததாக அந்த இடத்திலிருந்துதான் கிளம்பும் என்பதும் அவருடைய வாதம். விளிம்பு உரசுண்டு கொஞ்சம் குறைந்த இடத்தை ஒட்டு வைத்து நிரப்புவார், வெடிப்பைத் தொடமாட்டார். எனக்கு அந்த நேரம் எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்று றிம்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வவுனியாவில் பழைய உதிரிப்பாகம் விற்கும் ஓரிடத்தில் அரைநாள் கிண்டி, அதே வடிவ றிம் ஒன்றை 15,000 ரூபாவுக்கு வாங்கி வந்தேன். ஐந்து நட்டு, அவை அமையும் 100 மில்லிமீற்றர் வட்டம், நடு ஓட்டை 54.1 மில்லிமீற்றர் என்பவை பொருந்த வேண்டும். ஓவ்செற்றும் பொருந்த வேண்டும். வாங்கி வந்ததையும் அவர் முதலில் உரித்து, சாயம் பூசிப் பார்த்த பிறகே மற்ற மூன்றோடும் சேர்த்தார்.

இன்னொரு றிம் வளைந்திருந்தது. ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுழற்றியபோது விளிம்பு 1.9 மில்லிமீற்றர் அங்குமிங்கும் ஆடியது. ஐதரோலிக் அமுக்கியில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி 0.5 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தார். நிமிர்த்திய பிறகும் அதே சாயச் சோதனை. வளைந்த அலோய் நிமிரும்போது வெடிப்பதற்கு வாய்ப்பு உண்டு என்பதால், இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பூச்சுக்கு வருவோம். அவர் செய்வது பவுடர் கோற்றிங், அதாவது உலர்ந்த பூச்சுப் பொடியை ஒட்டவைத்து அடுப்பில் உருக்கிப் படியவைப்பது. கழுவி, அமிலக் கரைசலில் துடைத்து, பூச்சு பிடிப்பதற்கான இரசாயனப் படலம் ஏற்றிய றிம்மை, பவுடர் போடுவதற்கு முன்பே ஒரு தடவை வெறுமையாக அடுப்பில் வேகவைக்கிறார். வார்த்த அலுமினியத்தின் நுண்துளைகளில் இருபது வருடத்து எண்ணெயும் காற்றும் அடைபட்டிருக்கும். அவை முன்பே வெளியேறாவிட்டால், பூச்சு உருகும் நேரத்தில் குமிழியாக வெடித்து ஊசித்துளைகளை விட்டுச் செல்லும். பிறகு மின்னேற்றிய பவுடர் றிம்மில் ஒட்டிக்கொள்ள, ஏறத்தாழ 190 பாகையில் இருபது நிமிடம் வேகவைக்கிறார். மேலே கிளியர் பவுடருக்கு இன்னொரு தடவை. தகடும் கல்நாரில்லாத வெப்பக் காப்புப் பஞ்சும் வைத்து அவரே கட்டிய அடுப்பு அது. பார்வைக்கு எடுப்பாக இல்லை, ஆனால் அடுப்பின் சூட்டை நம்பாமல் றிம்மின் சூட்டையே மானியால் அளக்கிறார். இருநூறு பாகையைத் தாண்டவிடாததற்கு மேலே சொன்ன அதே காரணம்தான்.

பூசாமல் விட்ட இடங்களைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். றிம் ஹப்பில் (அச்சின் முனையில் சில்லைத் தாங்கும் பகுதியில்) போய் அமரும் பின்முகத்தையும், ஐந்து நட்டுக்களும் உட்காரும் கூம்புக் குழிகளையும் அவர் மறைத்துவிட்டு, மெல்லிய படலத்தோடு வெறுமையாக விட்டிருந்தார். பவுடர்ப் பூச்சு ஒரு படைக்கே 60 முதல் 100 மைக்கிரோன் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்கிரோன்) வரை தடிக்கும். நட்டின் கீழே அப்படி இரண்டு படை இருந்தால், இறுக்கும்போது இறுகியது போலத் தோன்றி, ஓடும்போது பூச்சு நசுங்கி, நட்டு தானாகத் தளரும். ரயர் விளிம்பு அமரும் இடத்தையும் அவர் தனியாக மென்மையாக்கி மெல்லிய பூச்சோடு நிறுத்தியிருந்தார். எனக்குக் காற்றுப் போனது அந்த இடத்தால்தான். வீட்டுக்கு வந்த என் மைத்துனர், பின்பக்கத்தில் பெயின்ற் விடுபட்டிருக்கிறது, அரைகுறை வேலை என்றார். விடுபடவில்லை, விடப்பட்டது என்று அவருக்கு விளங்கப்படுத்த ஒரு தேத்தண்ணி நேரம் தேவைப்பட்டது.

இனிக் குறைகள். ஐந்து நாள் என்று சொல்லிப் பதினொரு நாள் எடுத்தார். இதில் இரண்டு நாள் நான் றிம் தேடிய நாட்கள், ஒரு நாள் கரண்ட் இல்லாத நாள். மீதிக்குச் சமாதானம் இல்லை, தொலைபேசிக்கும் ஒழுங்காகப் பதில் இல்லை. நிறம் நான் காட்டிய மூல வெள்ளியைவிட ஒரு படி கருமையாக வந்தது. அவரிடம் இருப்பவை ஏழெட்டு நிறப் பவுடர்கள்தான். பெயின்றைப் போலக் கலந்து நிறம் சேர்க்க முடியாது. வவுனியாவில் வாங்கிய றிம்மின் ஓர் ஆரக்காலில் மூன்று ஊசித்துளைகள் இருந்தன. காட்டியவுடன் மறுபேச்சில்லாமல் அதை உரித்து மறுபடி செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும், ஆனால் நானாகக் காட்டாவிட்டால் அது அப்படியே வந்திருக்கும். நடுமூடிகள் பிளாஸ்ரிக் என்பதால் அடுப்பில் வைக்க முடியாது. அவற்றுக்குச் சாதாரண வெள்ளிப் பெயின்ற் விசிறித் தந்திருக்கிறார், வெயிலில் பார்த்தால் இரண்டு நிறமும் ஒத்துப்போகவில்லை. முகம் கண்ணாடி போல மின்னும் டயமண்ட் கட் றிம் வைத்திருப்பவர்கள் இங்கே போக வேண்டியதில்லை. அதற்குரிய கடைசல் இயந்திரம் அவரிடம் இல்லை, அவர் அதை மறைக்கவும் இல்லை. சும்மா பவுடர் பூசித் தரவா என்று கேட்பார். அதற்குச் சம்மதித்தால் அந்த மினுக்கம் போய்விடும்.

பெரிய குறையாக எனக்குப் பட்டவை இரண்டு. துகள் வீசும் பெடியன் காற்றுக் குழாய் பொருத்திய முகமூடியோடு வேலை செய்கிறான். ஆனால் றிமூவர் பூசும் மற்றவன் முதல் நாள் கையுறை இல்லாமல், மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நின்றான். இந்த உரிப்பான்களில் சிலவற்றில் இருக்கும் டைகுளோரோமீதேன் மூடிய இடத்தில் ஆளையே கொல்லக்கூடியது. அதனால்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாதாரண வாடிக்கையாளருக்கு அதை விற்பதை நிறுத்தினார்கள். நான் சொன்ன பிறகு கையுறை வந்தது. அடுத்தது, உரித்த கழிவு. அதைத் தகரப் பீப்பாய்களில் சேர்த்து வைத்திருக்கிறார். நிலத்தில் ஊற்றுவதில்லை என்றார். நிறைந்த பீப்பாய்கள் எங்கே போகின்றன என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. அந்தக் காணியிலேயே கிணறு இருக்கிறது, பக்கத்துக் காணிகளிலும் இருக்கிறது. வன்னியில் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்தத் தண்ணீரைத்தான் என்பதால் இதைச் சிறு குறையாக எழுதிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

கட்டணம்: உரித்துப் பூசுவதற்குச் சில்லு ஒன்றுக்கு 9,500 ரூபாவாக நான்கிற்கும் 38,000; நிமிர்த்தியதற்கு 3,500; ரயர் கழற்றி ஏற்றி, புது வால்வு போட்டு, நிறை சமன் செய்ததற்கு 6,000. கூட்டினால் 47,500 ரூபா, வாங்கிய றிம்மின் விலை வேறு. சோதனைக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. பற்றுச்சீட்டு கேட்டால்தான் தருகிறார், அதிலும் உத்தரவாதம் என்று எதுவும் எழுதுவதில்லை. விலை மலிவு என்று சொல்லமாட்டேன். முன்னைய கராச்சில் நான்கிற்கும் சேர்த்து இதில் கால்வாசிதான் கொடுத்தேன். ஆனால் அந்தக் காசு ஒரு மாரியைக்கூடக் காணவில்லை.

நிறைகளைக் கவ்வியால் மாட்டாமல், முகத்துக்குத் தெரியாதபடி உள்ளே ஒட்டுகின்ற வகையைப் போட்டிருக்கிறார். நட்டுக்களை, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் றெஞ்சால் 103 நியூற்றன் மீற்றருக்கு இறுக்கினார், காற்றுத் துப்பாக்கியால் அடித்து முறுக்கவில்லை. நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்க வரச் சொன்னார். போனேன், ஒரு நட்டு மட்டும் சற்று நகர்ந்தது.

ஆவணியில் செய்த வேலை இப்போது ஒரு முழு மாரியைக் கண்டுவிட்டது. காற்று 33 பி.எஸ்.ஐ.யில் நிற்கிறது. மாதத்துக்கு ஒன்று குறைகிறது, அது எந்த ரயருக்கும் இயல்பு. அறுபதுக்கு மேல் ஸ்ரியறிங்கில் இருந்த நடுக்கம் இல்லை. முன்சில்லு ஒன்றின் ஆரக்காலில் கிரவல் கல் பட்டு மிளகளவு பூச்சுப் பெயர்ந்திருக்கிறது. மூன்று மாதமாகக் கவனித்து வருகிறேன், அதைச் சுற்றிப் புழுத்தடம் எதுவும் ஓடவில்லை. பழைய பெயின்றில் இதே காயம் இந்நேரம் உள்ளங்கையளவு பூத்திருக்கும். வட்டுவாகலால் வந்த அன்றே நல்ல தண்ணீரால் சில்லுகளைக் கழுவிவிடுகிறேன். அமிலம் கலந்த றிம் கழுவிகளை அவர் தொடவே வேண்டாம் என்றார், தொடவில்லை.

இறுதி நாளில் வெடித்த றிம்மை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுக்கலாம், அலுமினியத்துக்கு நல்ல விலை வரும் என்றேன். அப்படியானால் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, கிறைண்டரை எடுத்து, சிவப்புக் கோட்டின் மேலாகவே விளிம்பை அறுத்து, எதிர்ப்பக்கத்தில் இரண்டு ஆரக்கால்களையும் அறுத்தார். முழுதாகக் கொடுத்தால் அடுத்த மாதம் யாராவது அதை ஒட்டிப் பெயின்ற் அடித்துக் கடையில் வைப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. துண்டுகளைச் சாக்கில் கட்டி என் டிக்கியில் வைத்துவிட்டார். கிலோக் கணக்கில் நிறுக்கும்போது முழுசுக்கும் துண்டுக்கும் ஒரே விலைதான் கிடைத்தது.